அந்தக் குழந்தையை முதலில் தூக்கியது யார்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தம்பி ஒருவர், பென்சிலில் வரைந்த மூன்று பக்கங்களை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சூப்பர்மேன் குழந்தையாக விழுந்த இடம் அமெரிக்க வயல் இல்லை, நம்ம தோட்டம் என்று வைத்து ஒரு காமிக்ஸ் வரைகிறேன். கிரகம், ராக்கெட், சக்தி, உடை, வளர்ப்புப் பெற்றோர், இதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? அமெரிக்காவிலேயே இந்த ஆரம்பக் கதையைப் பல தடவை மாற்றி எழுதிவிட்டார்கள் என்கிறார்களே, அதில் எது எடுபட்டது?"

தம்பி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நானும் அந்த வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்.

முதலில் உடை. நாயகனுக்கு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மார்பில் எஸ் எழுத்துக்குப் பதிலாக வேல் போட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வேல் படத்தை அழித்துவிட்டு மறுபடி எஸ் போடுங்கள். வேட்டியைக் கழற்றிவிட்டு அந்தச் சிவப்பு ஜட்டியை மாட்டிவிடுங்கள். மூன்று பக்கத்தில் ஒரு வசனமாவது மாற்ற வேண்டி வருகிறதா? வரவில்லை. அப்படியென்றால் கதை அப்படியே இருக்கிறது, துணியைத்தான் மாற்றியிருக்கிறீர்கள்.

இது உங்கள் தப்பு மட்டும் இல்லை. 2004இல் 'ஸ்பைடர்மேன்: இந்தியா' என்று நாலு இதழ் வந்தது. ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் மூவரும் சேர்ந்து செய்தது. பீட்டர் பார்க்கர் அதில் பவித்ர் பிரபாகர். மேரி ஜேன் மீரா ஜெயின். பீட்டரை வளர்த்த பென் பீம் ஆனார், மே மாயா ஆனார். வேட்டி பறக்க மும்பைக் கட்டடங்களுக்கு நடுவில் பையன் தாவுகிற படங்களை நான் இன்றைக்கும் ரசித்துப் பார்ப்பேன். ஆனால் அந்தப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒலிக்கு ஒலி வைத்து நிரப்பியது பளிச்சென்று தெரியும். அதில் ஆழமாக மாறியது ஒரே ஒரு விஷயம்தான், அதுவும் சறுக்கிவிட்டது. சிலந்தி கடித்ததற்குப் பதில் ஒரு யோகி வந்து சக்தியைக் கொடுக்கிறார். 1962இல் வந்த மூலக் கதையில் சிலந்திக்கு அந்தப் பையன்மேல் எந்த அக்கறையும் இல்லை. கதிரியக்கம் பட்ட பூச்சி, யாரைக் கடித்திருந்தாலும் கடித்திருக்கும். 'ஏன் எனக்கு?' என்று அவன் காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான். பெரியவர் ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போகிறது.

சக்தி எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. சின்ன வயசில் டவுனில் முடிவெட்டும் கடை பெஞ்சில் பழைய முத்து காமிக்ஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இரும்புக்கை மாயாவி அங்கேதான் அறிமுகம். ஆய்வுக்கூட உதவியாளர், விபத்தில் வலது கை போய் இரும்புக்கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். அவ்வளவுதான் ஆரம்பக் கதை. எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நான் மைலோ டின்னைக் கையில் மாட்டிக்கொண்டு லயம் முழுக்க, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்கத் திரிந்து, கை சிக்கிக்கொண்டு, தேங்காயெண்ணெய் ஊற்றி அம்மா இழுத்து எடுத்தார். கூடவே முதுகில் நாலு சாத்தும் விழுந்தது. மலாய்க்காரர்களின் பாடாங் கதையில் சக்தி வருகிற விதம் இன்னும் மோசம். காடு வெட்டுகிற அடிமை, மீன் பிடிக்க ஆற்றில் வைத்த கூடையில் தினமும் மீன்முள் மட்டும் மிஞ்சுகிறது, ஒளிந்திருந்து பார்த்தால் ஒரு பேய் தின்கிறது. பேயைப் பிடித்து, அது கக்கியதைத் தின்று பலசாலி ஆகிறான். பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் இருக்கிறது. பிறகு கலிங்க நாட்டுப் பயில்வான் ஒருவன் வந்து அவனிடம் தோற்றுப் போகிறான். நம்மாள் தோற்ற கதை என்பதால்தானோ என்னவோ, எங்கள் ஆசிரியர் அதை வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார்.

சரி, சூப்பர்மேனுக்கு வருவோம். ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள், கிளீவ்லாந்தில் வளர்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள், உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டுக் கொடுத்த கதை அது. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில், ஜூன் 1938 தேதியிட்டு வந்தது. அதில் ஆரம்பக் கதை முழுவதும் ஒரே பக்கம். கிரகத்துக்குப் பெயர்கூட இல்லை, கிழடு தட்டி அழிந்தது என்று மட்டும் இருக்கும். ஒரு விஞ்ஞானி அவசரமாக ஒரு கலம் செய்து குழந்தையைப் பூமிக்கு அனுப்புகிறார். வழியில் காரோட்டிப் போன யாரோ ஒருவர் குழந்தையைக் கண்டு அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார். அங்கே அது நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்குகிறது. பெரியவனானதும் பறக்கவும் தெரியாது, எட்டில் ஒரு மைல், அதாவது 200 மீட்டர் தாவுவான், அவ்வளவுதான். எறும்பும் வெட்டுக்கிளியும் தன் எடைக்கு மேல் செய்வதில்லையா என்று ஒரு விளக்கம் வேறு.

அந்த முதல் பக்கத்தில் வளர்ப்புப் பெற்றோரான கெண்ட் தம்பதி இல்லை, கவனித்தீர்களா? அவர்கள் அடுத்த வருஷம்தான் வருகிறார்கள். 1939இல் 'சூப்பர்மேன்' என்றே தனி இதழ் வந்தபோது, வழிப்போக்கருக்குப் பதிலாக வயசான கணவன் மனைவி குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். அவர்களும் முதலில் அநாதை இல்லத்தில்தான் ஒப்படைக்கிறார்கள். அப்புறம் மனசு கேட்காமல் திரும்பி வந்து, 'அந்தக் குழந்தையை எங்களுக்கே கொடுங்கள்' என்று நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், சூப்பர்மேன் உண்மையில் பிறந்தது அந்தத் திரும்பி வந்த இடத்தில்தான். 1938இல் இருந்தது ஒரு பலசாலி மட்டும்.

நீங்கள் கேட்ட 'எது எடுபட்டது' என்பதற்கும் என் பதில் இதுவேதான். குழந்தையை யார் தூக்கினார்கள், தூக்கிக்கொண்டு போய் எதை மறைத்தார்கள் என்பதை மாற்றியவர்களின் கதை நின்றது. மற்றதெல்லாம் புது அட்டை போட்ட பழைய நோட்டு.

1986இல் ஜான் பர்ன் ஆறு இதழில் முழுவதையும் திரும்ப எழுதினார். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். அவருடைய கிரிப்டன், அதாவது சூப்பர்மேன் பிறந்த கிரகம், சில்லென்று, ஒருவரை ஒருவர் தொடவே விரும்பாத மனிதர்கள் நிறைந்த இடம். குழந்தை இன்னும் பிறக்காமல் கருப்பெட்டியோடு அனுப்பப்படுகிறது, பெட்டி கான்சாஸில்தான் திறக்கிறது. கெண்ட் தம்பதி என்ன செய்கிறார்கள்? பனிப்புயலில் மாதக்கணக்கில் வெளியே வராமல் அடைபட்டுக் கிடந்ததைப் பயன்படுத்தி, வீட்டிலேயே பெற்ற பிள்ளை என்று ஊரை நம்ப வைக்கிறார்கள். பழைய கதையில் சூப்பர்மேன் பெரியவன் ஆவதற்குள் இருவரும் இறந்துவிடுவார்கள். பர்ன் அவர்களை உயிரோடு விட்டார். அதனால்தான் அவன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போக ஒரு சமையல்கட்டு மிஞ்சியது.

மார்க் மில்லர் எழுதிய 'ரெட் சன்' 2003இல் வந்தது. குழந்தை சோவியத் உக்ரேனின் கூட்டுப்பண்ணையில் விழுகிறது. உடையும் சின்னமும் மாறுகின்றன, ஆனால் அதனால் கதை நிற்கவில்லை. இங்கே குழந்தையை வளர்ப்பது ஓர் அரசாங்கம். அரசாங்கம் வளர்த்த பிள்ளை, ஊரையே பிள்ளை மாதிரிக் கண்டித்து வளர்க்கப் பார்க்கிறது. 2024இல் தொடங்கிய 'அப்சல்யூட் சூப்பர்மேன்' கதையில் பெற்றவர்களே கிரிப்டனின் உழைப்பாளி வர்க்கம். தோட்டத்துப் பிள்ளைகள் நாம், நமக்குப் பிடிக்காமல் போகுமா? கிராண்ட் மாரிசன், ஃபிராங்க் கொய்ட்லி இருவரும் மொத்தக் கதையையும் நாலே கட்டத்தில், ஆங்கிலத்தில் எட்டே சொல்லில் முடித்தார்கள். அழியும் கிரகம், தவிக்கும் விஞ்ஞானிகள், கடைசி நம்பிக்கை, கனிவான ஒரு தம்பதி. அதைப் பார்த்துவிட்டு நாற்பது பக்கம் ராக்கெட் வரைகிறவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது.

ஸ்பைடர்மேன் விஷயத்திலும் இதே கதைதான் இன்னொரு மாதிரி நடந்தது. பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்ற அந்தப் பேர்போன வரியை 1962 இதழில் பென் சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில் கதை சொல்பவரின் வாசகமாக ஒரு மூலையில் இருக்கும். பின்னால் வந்தவர்கள் அதைக் கொண்டுபோய் பென்னின் வாயில் வைத்தார்கள். வளர்த்தவர் சொன்னால்தான் அந்த வார்த்தைக்குக் கனம் என்று எல்லோருக்குமே தோன்றியிருக்கிறது.

இது நமக்குப் புதுசு இல்லை, தம்பி. பெட்டியில் மிதந்து வந்த பிள்ளையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சூரியன் மகன் என்று தெரிந்த பிறகும் கர்ணனுக்கு ராதேயன் என்ற பெயர் போகவில்லை. ராதை வளர்த்தவள். கண்ணுக்கெதிரே இன்னும் ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் மாரியம்மன் லயத்துக்கு நடுவில், முனியாண்டி பால்காட்டு எல்லையில். நம் தோட்டங்கள் பலவற்றில் குதிரையும் அரிவாளுமாக மதுரை வீரனும் ஓர் ஓரத்தில் நிற்பார். அவர் கதை என்ன? காசி ராஜாவுக்குப் பிள்ளை பிறக்கிறது, கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடுகிறார்கள், செருப்புத் தைக்கும் கணவன் மனைவி எடுத்து வளர்க்கிறார்கள். கிரிப்டனை எடுத்துவிட்டு காசியைப் போடுங்கள், வேறென்ன வித்தியாசம்?

இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. ராஜா வீட்டுப் பிறப்பு பின்னால் ஒட்டவைத்தது, வீரன் அந்த அருந்ததியர் வீட்டிலேயே பிறந்தவன்தான் என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நாயக்கர் வீட்டுப் பெண் பொம்மியை அவன் கட்டியதைப் பொறுக்காதவர்களுக்கு ஒரு ராஜ ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. பாருங்கள், மறு ஆரம்பம் என்பது காமிக்ஸ் கம்பெனி கண்டுபிடித்தது இல்லை. யாரோ ஒருவர் வளர்ப்புப் பெற்றோரை வெறும் வளர்ப்பு என்று சுருக்குவதற்காக, பிறப்பைத் திருத்தி எழுதியிருக்கிறார். நீங்களும் பிறப்பைத் திருத்தத்தான் போகிறீர்கள். யார் பக்கம் நின்று திருத்துகிறீர்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பக்கங்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வெள்ளைக்காரத் துரை தொப்பியோடு நிற்கிறார், அதே கட்டத்தில் பின்னால் நிற்கும் பையன் கையில் கைப்பேசி. எந்த வருஷம் தம்பி இது? இதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

இன்றைய காலம் என்றால் உங்கள் கதையின் முதல் வில்லன் ஒரு காகிதம். நம் கூட்டரசு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணையில் 19பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓரிடத்தில் கைவிடப்பட்டுக் கிடைக்கும் பச்சைக் குழந்தை, அப்படி இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை, அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு தாய்க்கு அங்கேயே பிறந்ததாகக் கருதப்படும். கண்டெடுத்த தேதிதான் பிறந்த தேதி. 2024இல் குடியுரிமைத் திருத்தம் வந்தபோது இதிலும் கைவைக்க யோசித்தார்கள், எதிர்ப்பு எழுந்ததும் விட்டுவிட்டார்கள். இப்போது 'அப்படி இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை' என்ற இடத்தில் நில்லுங்கள். மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடக்கும் ராக்கெட்தான் அந்த நிரூபணம்! அமெரிக்கக் கதையில் கெண்ட் தம்பதி ராக்கெட்டை மறைப்பது பிள்ளையை யாரும் ஆராய்ச்சிக்குத் தூக்கிப்போய்விடக் கூடாது என்று. உங்கள் கதையில் பிள்ளைக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்க வேண்டும் என்பதற்காக மறைப்பார்கள். எங்கள் சின்னம்மா இங்கேயே பிறந்து, இங்கேயே மரம் வெட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார். பிறப்பைப் பதிய ஆளில்லாத காலம். அதனால் இந்தக் காட்சியை வரைந்தால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்காது.

ஆனால் என் ஓட்டு 1938க்குத்தான். சூப்பர்மேன் வந்த இதழின் அட்டையில் இருக்கும் அதே ஜூன் 1938இல்தான், இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவித்தொகையில் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. கப்பலில் புது ஆட்கள் வருவது அடைபட்ட நேரம். அந்த மாதத்தில் தோட்டத்துக்குள் புதுசாக வந்து சேர்ந்த ஒரே ஆள் வானத்திலிருந்து வந்தது என்று வையுங்கள். விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நிற்கும் ஆட்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்? 'இதுக்கு யார் டிக்கெட் எடுத்தது?' என்று கங்காணி கேட்பாரா இல்லையா?

அப்புறம் லயம். இதில்தான் உங்கள் கதை அமெரிக்கக் கதையை விட்டு ஒரேயடியாகப் பிரிய முடியும். கான்சாஸில் கெண்ட் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் வயல் கிடக்கிறது. ரகசியம் வைக்க வசதி. லயத்தில் பத்துக் கதவு, ஒரே கூரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே காற்றுக்கு விட்ட இடைவெளி. மூன்றாம் வீட்டுக் குழந்தை இருமினால் ஏழாம் வீட்டுப் பாட்டி 'ஓமத்தண்ணி கொடுடி' என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சம்பளத்துக்கு முன்னாலேயே அரிசி தீர்ந்தது, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். கட்டிலைத் தூக்கி விளையாடும் ஒரு குழந்தையை அங்கே எப்படி மறைப்பீர்கள்?

மறைக்க முடியாது. லயமே சேர்ந்து மறைக்கும். தோட்டத்துக் கணக்கர் கிராணி பதிவேட்டோடு வந்தால் பத்து வீட்டுக்காரரும் ஒரே மாதிரி, 'தெரியாதுங்க ஐயா' என்பார்கள். இதை நாம் பார்த்திருக்கிறோம், காய்ச்சலில் படுத்தவனுக்குப் பதிலாக அவன் மரங்களை நாலு பேர் பிரித்து வெட்டிக் கணக்கு காட்டிய நாட்கள் உண்டு. அப்படியானால் உங்கள் நாயகனுக்கு முகமூடி, கண்ணாடி ஒன்றும் தேவையில்லை. தோட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும், தோட்டத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ரகசிய அடையாளம் என்பது இங்கே ஒரு ஆளுடைய பாரம் இல்லை, நூறு பேர் சேர்ந்து தூக்குகிற பாரம். அதை ஒருவர் கீழே போட்டால் போதும். போடுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, மண்டோர் என்ற மேற்பார்வை வேலை கிடைத்தால் மகளைக் கட்டிக்கொடுக்கலாம் என்று கணக்குப் போடும் சாதாரண மனிதராக இருக்கட்டும்.

இந்த ரகசியத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும் இல்லையா? 1938இல் வந்த குழந்தைக்கு 1943இல் ஐந்து வயசு. ஜப்பான்காரன் ஆட்சி. கொஞ்ச நாள் வேலை என்று சொல்லி லாரியில் ஆளேற்றுகிறார்கள். சயாம் ரயில்பாதை, 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை, உங்கள் வீட்டிலும் ஒரு பெயர் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். வளர்ப்புத் தகப்பனும் அந்த லாரியில் ஏறுகிறார். பிள்ளையை வெளியே வராதே, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மா அடுப்பங்கரைக்குள் தள்ளுகிறாள். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிய கை அவனுடையது. லாரியின் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியும். அம்மா சொன்னாள், ஒளிந்துகொண்டான். லாரி போய்விட்டது.

பின்னால் பென்னைக் கொன்ற திருடனை ஸ்பைடர்மேன் ஓடவிட்டது திமிரால். இவன் சொல்பேச்சு கேட்டதால். அந்தக் குற்ற உணர்ச்சியை அவன் யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் அம்மா தாங்க மாட்டாள். இந்தக் காட்சிக்கு இரண்டு முழுப் பக்கம் கொடுங்கள், வசனம் வேண்டாம்.

மற்ற வருஷங்கள் தாமாகவே கதைக்குள் வந்து விழும். 1948 ஜூன் 16, நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கியபோது அவனுக்குப் பத்து வயசு. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. பறக்கத் தெரியாது, 200 மீட்டர் தாவத் தெரியும் என்ற பழைய கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், வேலி இருக்கும் இடத்தில் அதற்குத்தான் மதிப்பு. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரும்போது பத்தொன்பது. வேலைக்கு அவனைப் பத்திரிகைக்காரன் ஆக்குவதானால் 1924இலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் நேசனுக்குத் தோட்ட நிருபராகப் போடுங்கள். திருவிழாச் செய்தி, பள்ளி விளையாட்டுப் போட்டி, நடுவில் ஒரு வரியில் சம்பளப் பிரச்சினை. பால் நிறுக்கும் இடத்தில் தராசையும், மழைத்தண்ணீர் கலந்த பாலுக்குள், ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மெட்ரொலாக் கருவியை விட்டு அளக்கும் கையையும் அவன் கண் ஊடுருவிப் பார்க்கும் என்றால் அதுவே ஒரு முழு அத்தியாயம்.

இதெல்லாம் சூப்பர்மேன் கதையே இல்லை, அரசியல் என்று யாராவது சொன்னால் அதே ஆக்‌ஷன் காமிக்ஸின் மூன்றாம் இதழைக் காட்டுங்கள். ஆகஸ்ட் 1938. பாதுகாப்பு இல்லாத சுரங்கத்தில் தொழிலாளி சிக்கிக்கொள்கிறான். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷத்தில் போய், விருந்து கொண்டாடிக்கொண்டிருந்த முதலாளியையும் விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் அடைபட வைக்கிறான். கோட்டும் சூட்டுமாக மண்வெட்டி பிடிக்கிறார்கள். வேற்றுக்கிரகத்து வில்லனெல்லாம் வருவதற்கு முன்னால் அவன் செய்த வேலை இது.

ஒரு சட்ட விஷயத்தையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1938இல் வந்த அந்த முதல் கதை அமெரிக்காவில் காப்புரிமை முடிந்து பொதுச்சொத்து ஆவது 2034இல்தான். அதனால் சூப்பர்மேன் என்ற பெயரும் சின்னமும் வேண்டாம். வேறு பெயர் வையுங்கள், அநேகமாக லயத்துக்காரர்கள் வைத்த பட்டப்பெயராக இருக்கும். நம் ஊரில் பதிவேட்டுப் பெயரை யார் கூப்பிட்டார்கள்?

கடைசியாக உங்கள் மூன்றாம் பக்கம், குழந்தையைக் கண்டெடுக்கும் கட்டம். மரம் வெட்டுகிற பெண் கத்தியை வீசிவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு லயத்தை நோக்கி ஓடுகிறாள். அப்படி ஓட மாட்டாள், தம்பி. விடியற்காலை, நானூறு ஐந்நூறு மரத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. பாதியில் விட்டுப் போனால் அரை நாள் சம்பளம் போச்சு, மண்டோரிடம் பேச்சு வேறு. அவள் என்ன செய்வாள் தெரியுமா? மேல்சேலையை அவிழ்த்து, இரண்டு மரத்துக்கு நடுவில் தொட்டில் கட்டி, குழந்தையை அதில் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். நாலு மரத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்து பார்ப்பாள். குழந்தை அழுதால் அங்கிருந்தே ஏதாவது பாடிக்கொண்டே வெட்டுவாள். பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கு வருவாள், ஒரு வாளி தோளில், ஒரு பிள்ளை இடுப்பில். என்னை அப்படித்தான் வளர்த்தார்கள் என்பதால் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தைத் திரும்ப வரைந்து அனுப்புங்கள், அம்மாவிடம் காட்டுகிறேன். இப்போதிருப்பதைக் காட்டினேன். படத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வெட்டு தப்பா இருக்கே, இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழன்னு சாயணும். இந்தப் புள்ள மாத்தி வெட்டியிருக்கு, பால் எப்படி வரும்?" என்றார்.